சத்தம் இல்லாமல் படம் பார்த்த அன்ரி

கனடாவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த கட்டடத்தில் அந்த அன்ரியின் வீட்டுக் கதவை மட்டும் யாரும் தட்டுவதில்லை. நகத்தால் சுரண்டுவோம். சுரண்டிவிட்டுப் பொறுமையாக நின்றால் கதவுத் துளையில் ஒரு நிழல் விழும். பிறகு சங்கிலி மெல்லக் கழலும். உதட்டில் விரலை வைத்தபடி அன்ரி கதவைத் திறப்பார்.

காரணம் அங்கிள். அவருக்குப் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் பின்னேரம்தான் எழும்புவார். ஒற்றை அறை வீடு. அறைக் கதவுக்கும் ரிவிக்கும் இடையில் இருந்தது ஒரு சோபா மட்டும்தான். நித்திரை குழம்பி வேலைக்குப் போனால் மனுசன் மெஷினுக்குள் கையைக் கொடுத்துவிடுவார் என்று அன்ரிக்கு உண்மையிலேயே பயம். அதனால் பகலில் அந்த வீட்டில் எல்லாமே குசுகுசுப்புத்தான். "கத்தரிக்காய் இண்டைக்கு மலிவு" என்று அவர் சொன்னால்கூட யாரோ வீட்டைவிட்டு ஓடிப்போன செய்தி மாதிரி இருக்கும். எங்கள் மாடியில் அவருக்கு வம்புக்காரி என்று பெயர் வந்ததற்கு இதுதான் காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறேன். மனுசி பேசியது முழுக்க மரக்கறி விலை.

படம் பார்ப்பதும் அப்படித்தான். அந்தக் காலத்தில் ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் அரிசி மூட்டைக்கும் மீன் பெட்டிக்கும் நடுவில் தமிழ்ப் பட வீடியோக் கொப்பிகள் வாடகைக்கு அடுக்கியிருக்கும். அன்ரி ஒரு பை நிறைய எடுத்து வருவார். ரிவியின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, தரையில் பழைய பேப்பரை விரித்து, இடியப்ப உரலோடு உட்காருவார். அவர் வீட்டில் இடியப்பம் அவித்துத் தெரிந்தவர்களுக்குக் காசுக்குக் கொடுப்பவர். கை பிழிந்துகொண்டே இருக்கும். கண் ரிவியை விட்டு நகராது. ஒரு இடியப்பமாவது தட்டுக்கு வெளியே விழுந்து நான் பார்த்ததில்லை.

நான் அப்போது அண்ணா வீட்டில் இருந்தேன். டோனற்றும் கோப்பியும் விற்கும் கடையில் விடியற்காலை வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அண்ணாவின் பிள்ளைகள் இரண்டும் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கும். அமைதி தேடித்தான் முதலில் அன்ரி வீட்டுக்குப் போனேன். போன அன்றே கேட்டேன்.

"சத்தம் இல்லாமல் என்னத்தை அன்ரி விளங்கும்?"

"விளங்காததுக்கு உதில என்ன கிடக்கு? உவன் பொய் சொல்லுறான்."

திரையில் கதாநாயகன் உருகி உருகி ஏதோ பேசிக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வேறு.

"அழுறானே அன்ரி!"

"அழட்டும். அவன் கதைக்கேக்கை கமரா எங்கை நிக்குது எண்டு பார். அவனை விட்டிட்டுக் கேக்கிறவளைப் பாக்குது. அவள் நம்புறாளோ இல்லையோ எண்டு பாக்கத்தான். உண்மை சொல்லுறவனெண்டால் ஏன் அவளைப் போய்ப் பாக்கவேணும்?"

கொஞ்ச நேரத்தில் அவன் பொய் சொன்னது வெளிப்பட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். அன்ரி பெருமைப்பட்டதாகவே தெரியவில்லை. மா முடிந்துவிட்டதா என்று உரலுக்குள் எட்டிப் பார்த்தார்.

அன்ரியின் கதைகளும் படத்தின் கதைகளும் எப்போதும் ஒத்துப்போகும் என்று நினைக்கவேண்டாம். ஒருமுறை ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அதில் வரும் தகப்பன்தான் குடும்பத்தையே நாசமாக்கிய ஆள் என்று எனக்கு முழுக்கதையும் சொன்னார். அதே படத்தைப் பிறகு சிநேகிதி வீட்டில் சத்தத்தோடு பார்த்தேன். தகப்பன் தெய்வம். அவர் வாயைத் திறந்தால் நல்லதைத் தவிர வேறொன்றும் வராது. ஓடிவந்து கதவைச் சுரண்டினேன்.

"அந்தாள் நல்லவர் அன்ரி! எல்லாருக்கும் புத்தி சொல்லுறார்."

"வாயால சொல்லுவார். படத்தில அவர் ஒருக்காலாவது ஆரின்ரையாவது பக்கத்தில இருந்தவரோ? எப்பவும் வாசல்ல நிப்பார், இல்லாட்டி மேசைக்கு அங்காலை. பிள்ளையள் அவரோடை கதைக்கேக்கை எல்லாம் நடுவில யன்னல் கம்பி தெரியும். பயந்து சாகுதுகள் அதுகள்."

"டைரக்டர் அப்பிடி நினைச்சு எடுக்கேல்லை அன்ரி."

"அப்ப வசனம் எழுதினவனும் கமரா பிடிச்சவனும் ஆளையாள் கண்டிருக்கமாட்டினம்."



ஒரு கோடையில் அங்கிளின் தொழிற்சாலை கொஞ்ச நாள் மூடியிருந்தது. அங்கிள் பகலில் விழித்திருந்தார். மனைவி மேல் இரக்கப்பட்டோ என்னவோ, அவரே ரிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்து, "வடிவா இருந்து பாருமப்பா" என்றார். அன்ரி முதல் பாட்டு வரைக்கும் தாக்குப்பிடித்தார். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "என்னத்துக்கு இவ்வளவு கதைக்கினம்? என்னைப் பாக்க விடுறாங்களில்லை!" என்று எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்துவிட்டார். அங்கிள் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

பிழையே விடாத மனுசியா என்றால் அதுவும் இல்லை. கதவுத் துளையால் பார்த்து ஒருமுறை பெரிய பிழை விட்டார். எதிர்வீட்டுக் கயானாக்காரர் வெளியில் போயிருந்தபோது யாரோ ஒருவன் அவர் ரிவியைப் போர்வையால் மூடித் தூக்கிக்கொண்டு போவதை அந்தத் துளையால் கண்டுவிட்டார். உடனே கட்டடப் பொறுப்பாளருக்கு அறிவித்தார். அவர் கீழே ஓடிப்போய் ஆளைப் பிடித்துவிட்டார். பிடிபட்டவர் கயானாக்காரரின் சொந்த மைத்துனர். பழுதான ரிவியைத் திருத்தக் கொண்டுபோயிருக்கிறார்.

அன்ரி வெட்கத்தில் கூனிப்போனார். அன்றைக்கே இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் சிரித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, அடுத்த கிழமையிலிருந்து இடியப்பத்துக்கு ஓடர் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் அன்ரிக்கு மனம் ஆறவில்லை. "ஒரு துண்டைப் பாத்திட்டுச் சொல்லிப்போட்டன் பிள்ளை. அதுக்கு முன்னுக்கு என்ன நடந்தது, பின்னுக்கு என்ன நடந்தது எண்டு பாக்கேல்லை" என்று தன்னையே திட்டிக்கொண்டு திரிந்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். அன்ரி இல்லாவிட்டால் அது வேறு கதையாகப் போயிருக்கும்.

அந்த நாளில் எங்கள் ஆட்களுக்குக் கலியாண வீடியோ என்பது கலியாணத்தைப் பார்க்க மட்டும் அல்ல. ஒரு கொப்பி லண்டனுக்கு, ஒரு கொப்பி பாரிசுக்கு, ஒன்று ஜெர்மனிக்குப் போகும். அங்கே உள்ள சனம் பொம்பிளை மாப்பிள்ளையை ஒருதரம் பார்த்துவிட்டு, மிச்ச நேரம் முழுக்கப் பந்தியில் நிற்கிற பிள்ளைகளைத்தான் பார்க்கும். நிறுத்தி நிறுத்தி, "உது ஆற்றை பிள்ளை?" என்று விசாரிக்கும். அப்படித்தான் ஸ்காபரோவில் நடந்த ஒரு கலியாணத்தில் ஐஸ்கிறீம் கொடுத்துக்கொண்டு திரிந்த என்னை லண்டனில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். தரகர் ஒருவர் மூலம் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, ஊரிலேயே செத்துப்போனார். தாய் மகனோடு லண்டனில். ஒரு தங்கச்சி, அவளுக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. அந்தக் கலியாணக் கசற்றையே அனுப்பினார்கள், மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி.

கசற் வந்த அன்று குடும்பமே கூடி உட்கார்ந்தது. லண்டன் கசற் கனடா டெக்கில் ஓடாது என்பதை அந்த ஆர்வத்தில் எல்லோரும் மறந்துபோனோம். படம் மேலும் கீழுமாக உருண்டுகொண்டே இருந்தது. "மாப்பிள்ளை ஏனப்பா ஒரு இடத்தில நிக்கிறாரில்லை?" என்றார் அண்ணி. கடையில் கொடுத்துக் கனடா டெக்குக்கு ஏற்ற மாதிரி மாற்றி எடுத்த பிறகுதான் ஆளைக் கண்டோம்.

எனக்குப் பிடித்துவிட்டது. ஒளிப்பானேன்? கதிரைகளை அடுக்கித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போகும்போது யாரோ பகிடி சொல்ல, கதிரைகள் ஆட ஆட ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். அதற்கு முன் வந்த சம்பந்தங்கள் எல்லாம் சாதகம், சீதனம் என்று ஏதாவதொன்றில் தட்டுப்பட்டுப் போயிருந்தன. ஒவ்வொருமுறையும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இந்தமுறை மட்டும் தட்டுப்படக்கூடாது என்று மனம் கிடந்து அடித்தது.

மாற்றி எடுத்த கசற்றைப் பார்க்க அன்ரியையும் கூப்பிட்டிருந்தோம். ரிவி அலறியது. அந்தக் கால வீடியோக்களில் முதலிலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டுத்தான், மனிதர் பேசுவது ஒன்றும் கேட்காது. அண்ணா படத்தை நிறுத்தி நிறுத்தி மாப்பிள்ளையின் உயரத்தை அளந்தான். அண்ணி தலைமயிரைப் பார்த்தார். அன்ரி என் காதுக்குள் பழக்கதோஷத்தில் குசுகுசுத்தார்.

"உந்தப் பெடியன் அடிக்கடி ரிவிப் பெட்டிக்கு வெளியால ஆரையோ பாக்கிறான்."

பின்னால் நின்ற அண்ணிக்குக் கேட்டுவிட்டது. அவ்வளவுதான். படத்தைத் திரும்ப ஓட்டினார்கள். உண்மைதான். ஐயர் மந்திரம் சொல்லும்போது, படம் எடுக்கும்போது, விளக்குக் கொளுத்தும்போது, அவன் கண் வலப்பக்கமாக ரிவியின் விளிம்பைத் தாண்டிப் போய் வந்தது.

"அங்கை ஒருத்தி நிக்கிறாள்" என்றார் அண்ணி.

"கண்ணை எடுக்கிறானில்லையே" என்றான் அண்ணா. "லண்டனிலை ஏற்கனவே ஒண்டை வைச்சுக்கொண்டு தாய்க்காக இஞ்சை கட்டப்போறான். எனக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி. நாளைக்குப் பின்னேரம் வேண்டாமெண்டு சொல்லிவிடுறன்."

அன்ரியின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "நான் அப்பிடிச் சொல்லேல்லைத் தம்பி" என்றார். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நான் குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த நாள் மத்தியானம் நான் வேலையால் வரும்போது அன்ரி எங்கள் வாசலில் நின்றார். கசற்றை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்கு வரச் சொன்னார். அன்றைக்கு இடியப்ப உரல் வெளியில் வரவில்லை. ரிவிக்கு முன்னால் முழந்தாளில் இருந்தார். சத்தத்தைக் குறைத்தார்.

"இப்ப பார். அவன்ரை கண் போற உயரத்தைப் பார். பதிவா, கீழை போகுது. நிக்கிற ஆளைப் பாக்கிற பார்வையில்லை உது. ஆரோ கதிரையில இருக்கினம்."

கசற்றை முன்னுக்கு ஓட்டினார். அடுக்கிய கதிரைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் வலப்பக்கமாக வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு வந்தான். பந்தி நடக்கும்போது ஒரு சாப்பாட்டுத் தட்டோடு அதே பக்கமாகப் போனான். நாங்கள் முதல்நாள் அவன் உயரத்தை அளந்த காட்சிகள்தான் இவையெல்லாம். இதை ஒருவரும் காணவில்லை.

தாலி கட்டும் இடம் வந்ததும் அன்ரி படத்தை நிறுத்தினார்.

"எல்லாரும் தாலியைப் பாக்கினம். இவன் அங்காலை பாக்கிறான். அந்த ஆளுக்கு இது தெரியுதோ எண்டு பாக்கிறான்." என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, தாரை வாத்துக் குடுக்கிறது ஆர்?"

"சித்தப்பாவும் சித்தியும் எண்டு தரகர் சொன்னவர்."

"தாய் எங்கை?"

 தாய் லண்டனில் இருக்கிறார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெற்ற மகளின் கலியாணத்தில் அவர் ஏன் ஒரு இடத்திலும் இல்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. புருசன் செத்த மனுசி நல்ல காரியத்தில் முன்னுக்கு வரமாட்டா, வீடியோக்காரனும் அந்தப் பக்கம் கமராவைத் திருப்பமாட்டான். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது, எங்கள் எல்லோர் மேலும்.

"எண்டாலும் நான் ஒருக்காப் பிழை விட்டனான்" என்றார் அன்ரி. "நீயே கேட்டுப் பார்."

மாப்பிள்ளையின் ரெலிபோன் நம்பர் எனக்கு மனப்பாடம். எப்படிப் பாடமானது என்று கேட்கவேண்டாம். அன்ரியின் ரெலிபோனைச் சோபாவுக்குப் பின்னால் இழுத்துவைத்து, வெளிநாட்டுக்குக் கதைக்க வாங்கும் கோலிங் காட்டின் இலக்கங்களை அழுத்தினேன்.  லண்டனில் அப்போது பின்னேரம். அவரே எடுத்தார். நான் யார் என்று சொன்னேன்.

"என்ன, ரகசியமாக் கதைக்கிறீர்?" என்றார்.

"இஞ்சை ஒரு ஆள் நித்திரை" என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று விளங்கியது. அவசர அவசரமாக அங்கிளைப் பற்றி விளக்கினேன். சிரித்தார். கதிரை தூக்கிய அதே சிரிப்பு.

"உங்கட தங்கச்சியின்ரை கலியாணத்தில, வலப்பக்கத்தில ஆர் இருந்தது?"

 கோலிங் காட்டில் காசு முடிந்து லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அம்மா" என்றார். "பின்னுக்கு, கதவடியில. எவ்வளவு கெஞ்சியும் முன்னுக்கு வரமாட்டனெண்டிட்டா. நீர் எப்பிடிக் கண்டனீர்? வீடியோவில அவ இல்லையே."

"நான் காணேல்லை. எங்கட அன்ரி கண்டவ." பிறகு என் வாய் என்னைக் கேட்காமலே ஓடியது. "எங்கட கலியாணத்தில அவ முன்னுக்கு இருக்கவேணும்."

அவரோ அண்ணாவோ எதையும் முடிவு செய்யுமுன் நான் 'எங்கட கலியாணம்' என்று சொல்லிவிட்டேன். அன்ரி என் தோளில் ஒரு அடி போட்டார். நடந்ததையெல்லாம் அண்ணாவிடம் சொன்னேன். அன்று பின்னேரம் அண்ணா ரெலிபோன் எடுத்தது, நாள் வைப்பது பற்றிப் பேச.

கலியாணம் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா, என் மாமி, லண்டனிலிருந்து வந்திருந்தார். முன்வரிசையில் அவருக்கென்று கதிரை போட்டிருந்தோம். மகன் கேட்டார், அண்ணா கேட்டான், முதல்நாள் நானும் கையைப் பிடித்துக் கேட்டேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார். காலையில் பார்த்தால் மண்டபத்தின் கடைசியில், தண்ணீர்ப் போத்தல்கள் அடுக்கியிருந்த மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறார். "நல்ல காரியம், என்ரை கண் படக்கூடாது" என்று சொல்லிவிட்டாராம். மணவறையில் இருக்கிறவள் எழும்பிப் போய் இழுத்து வரவும் முடியாது. 

தாலி கட்டப் போகும் நேரம் திடீரென்று என் முகம் குளிர்ந்தது. அதுவரை வீடியோக்காரரின் லைற் சுட்டுக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், ஆளைக் காணவில்லை. லைற் மண்டபத்தின் கடைசியில், சனத்தின் தலைகளுக்கு அப்பால் எரிந்துகொண்டிருந்தது.

அன்ரி அவரிடம் என்ன சொன்னார் என்பதைப் பிறகு வீடியோக்காரரே எனக்குச் சொன்னார். வாழ்நாள் முழுக்க அந்த முறைப்பாட்டைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

"அவ முன்னுக்கு வரமாட்டாவாம். நீ கமராவைப் பின்னுக்குக் கொண்டுபோ" என்றிருக்கிறார் அன்ரி.

"அன்ரி, தாலி கட்டேக்கை நான் முன்னுக்கு நிக்காட்டிச் சனம் என்னைக் கொன்றுபோடும்!"

"போகாட்டி இனி உன்ரை வீட்டுக்கு இடியப்பம் வராது."

அவர் கமராவோடு பின்னுக்குப் போய்விட்டார். கெட்டிமேளம் கொட்டியது.

கசற் தயாரானதும் எல்லோரும் அண்ணா வீட்டில் கூடினோம். மாமி லண்டனுக்குத் திரும்புமுன் பார்க்கவேண்டும் என்று அவசரப்படுத்தி எடுத்தது. அன்ரி வாசலோடு ஒட்டிக்கொண்டு நின்றார், உள்ளே வந்து இருக்கச் சொன்னாலும் வரவில்லை. தாலி கட்டும் இடம் வந்தது. திரையில் பாதியை ஒரு நரைத்த கொண்டை மறைத்தது. ஒரு காது, வெளிறிய சீலை போர்த்த ஒரு தோள். அதற்கு அப்பால் அட்சதை போட எழும்பி நின்றவர்களின் முதுகுகள். தலைகளுக்கு நடுவில் ஒரு இடைவெளி, அதற்குள் எங்கேயோ தூரத்தில் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் பூ, மேலே எழும்புகிற இரண்டு கைகள். நரைத்த தலை இடப்பக்கம் சரிந்தது, வலப்பக்கம் சரிந்தது, பிறகு நுனிக்காலில் நிற்பதுபோல உயர்ந்தது. ஒரு கை சீலைத் தலைப்போடு கண்ணுக்குப் போனது.

"தாலி எங்கையப்பா?" என்றார் அண்ணி.

"கனடாவிலை உள்ள முழுச் சனமும் சிரிக்கப்போகுது" என்றான் அண்ணா. "பொம்பிளையின்ரை முகமே தெரியேல்லை. இதுக்கோ காசு குடுத்தனாங்கள்?" அவன் கண் வாசலில் நின்ற அன்ரியைத் தேடியது. அன்ரி தலையைக் குனிந்துகொண்டார்.

மாமி சோபாவிலிருந்து எழும்பினார். ரிவிக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். திரையில் இருந்த கொண்டையை விரலால் மெல்லத் தொட்டார்.

"உது நான்" என்றார்.

அண்ணா படத்தை அந்த இடத்திலேயே நிறுத்தினான்.

"எனக்கு அங்கை இருந்து தெரிஞ்சது உவ்வளவுதான். என்ரை மகன் குனிஞ்சு முடிச்சுப் போட்டது, உந்த இடைவெளிக்குள்ளாலைதான் கண்டனான். அப்பிடியே கிடக்கு." பிறகு அண்ணாவைத் திரும்பிப் பார்த்தார். "இன்னொருக்காப் போடு மோனை."